கேமரா மாட்டியாச்சு, பதில் யார் சொல்லுவா? – அக்காகிட்ட கேளுங்க

இந்த மாசம் வந்த கடிதாசில பாதிக்கு மேல போலீஸ் சம்பந்தமாத்தான் இருக்கு. தாராவி, சயான், செம்பூர், முலுண்டுன்னு மும்பைல நம்ம ஆளுங்க இருக்குற பல இடத்துல ஸ்டேஷன்ல இருந்து கடைக்காரங்களையும் சொசைட்டிக்காரங்களையும் (அபார்ட்மெண்ட் சங்கத்துக்காரங்க) கூப்பிட்டு மீட்டிங் போடுறாங்க, கேமரா வைங்க, குடித்தனக்காரங்க விவரம் குடுங்க, சந்தேகம்னா போன் பண்ணுங்கன்னு சொல்றாங்க. போயிட்டு வந்தவங்க சந்தோஷமாவும் எழுதுறாங்க, கொதிச்சுப் போயும் எழுதுறாங்க. அதனால ஸ்கூல் அட்மிஷன், ரேஷன் கார்டு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

அக்கா, ஸ்டேஷன்ல சொன்னாங்கன்னு ரோட்டப் பாத்த மாதிரி ரெண்டு கேமரா என் சொந்தக் காசுல மாட்டினேன். பக்கத்து கல்லில (சந்துல) ஒரு பைக் காணாமப் போச்சு, உடனே போலீஸ் வந்து, பதிவு சேருற டிவிஆர் பெட்டியவே கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு சீட்டும் குடுக்கல. இப்ப கடைல கேமரா இருக்கு, பதிவு இல்ல. இதுக்குப் பேரு பார்ட்னர்ஷிப்பா?
– மளிகைக் கடைக்காரர் (ஏரியா பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி, உங்க கோவம் நியாயம். ஆனா கேமராவ கழட்டிடாதீங்க, ஏன்னு சொல்றேன். 2008 நவம்பர் 26 தாக்குதலுக்கு அப்புறம் அத விசாரிக்க ராம் பிரதான் கமிட்டி போட்டாங்கல்ல, அதுக்குப் பிறகுதான் மும்பை முழுக்க கேமரா வைக்கணும்னு வேலை சூடு பிடிச்சுது, இழுத்து இழுத்து 2016லதான் முடிஞ்சுது, 4,700க்கும் மேல கேமரா. ஆனா அதெல்லாம் பெரிய நாக்கா (ரோடு சந்திப்பு), சிக்னல், மெயின் ரோடுதான். நம்ம கல்லிக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுல தெரியாது, அங்க பாக்குறது உங்க கடை கேமராவும் எதிர்க்க இருக்குற மெடிக்கல் ஸ்டோர் கேமராவும்தான். செயின் அறுத்துட்டு ஓடுறவன் எந்தப் பக்கம் திரும்பினான்னு கடைகடையா பாத்துத்தான் பிடிக்கிறாங்க. அதனால நீங்க செஞ்சது பெரிய காரியம், அதுல சந்தேகமே வேண்டாம்.

இப்ப பெட்டி விஷயம். போலீஸ் ஒரு பொருளக் கேக்கணும்னா அதுக்கு வழி இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்குற பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 94வது பிரிவுல எழுத்து மூலமா கேக்கலாம், நீங்க குடுக்கணும். கைப்பத்திட்டுப் போனா அதுக்கு பஞ்சநாமா (என்ன எடுத்தாங்கன்னு சாட்சி முன்னாடி எழுதுற பேப்பர்) உண்டு, சாட்சி கையெழுத்து உண்டு, 105வது பிரிவுப்படி அத வீடியோவும் எடுக்கணும். வெறும் கையோட வந்து கழட்டிட்டுப் போறது முறையே இல்ல. அடுத்த தடவ யாராவது வந்தா மரியாதையா உக்கார வெச்சு, டீ குடுத்து, "சாஹேப், எந்த நேரம் வேணுமோ அத இங்கயே பென் டிரைவ்ல எடுத்துக்குங்க, சர்டிபிகேட்டுல நான் கையெழுத்துப் போடுறேன்"னு சொல்லுங்க. புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவுன்னு இருக்கு, அதுல சொல்ற அந்த சர்டிபிகேட் (இந்தப் பதிவு இந்தக் கருவில இருந்து எடுத்ததுதான்னு எழுதிக் குடுக்குறது) இல்லாம காபி எடுத்த வீடியோவ கோர்ட்ல நிக்க வைக்கிறது கஷ்டம், அதனால அவங்களுக்கும் அது வேணும். பெட்டியேதான் வேணும்னு நின்னா, குடுத்ததுக்கு ரசீது, எடுத்தவர் பேரு, பக்கிள் நம்பர் (போலீஸ்காரரோட அடையாள நம்பர்), தேதி எழுதி வாங்குங்க. இப்ப போன பெட்டிக்கு ஒரு கடுதாசி எழுதி சீனியர் இன்ஸ்பெக்டர் பேருக்கு குடுங்க, இன்னொரு காபில ஸ்டேஷன் முத்திரை வாங்கிட்டு வாங்க. வாயால கேட்டா நாளைக்கு வான்னு சொல்றவங்க முத்திரை போட்ட பேப்பருக்கு வேற மாதிரி பதில் சொல்லுவாங்க.

ரெண்டு விஷயம் உங்க பக்கமும் பாத்துக்கணும். கேமராவுல மணி சரியா ஓடுதான்னு பாருங்க, பதினஞ்சு நிமிஷம் முன்ன பின்ன இருந்தாலே எதிர் வக்கீல் பிடிச்சுக்குவாரு. அப்புறம் கேமரா எங்க பாக்குதுன்னு பாருங்க. காலைல குழாயடில பொம்பளைங்க துணி துவைக்கிறாங்க, குளிச்சிட்டு ஈரத்துணியோட வீட்டுக்குள்ள போறாங்க, அங்க உங்க கேமரா திரும்பி இருந்துச்சுன்னா அது பாதுகாப்பு இல்ல, பிஎன்எஸ்ங்கற புது தண்டனைச் சட்டத்தோட 77வது பிரிவுல கேஸாகுற அளவுக்குப் போயிடும். கல்லி வாசல், ரோடு, கடை முகப்பு, அவ்வளவு போதும்.

இன்னொண்ணு, ஸ்டேஷன் மீட்டிங்ல தயங்காம கேளுங்க. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா போலீஸ் ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், லாக்கப், வராந்தா, உள்ள வர்ற வழி எல்லாத்துலயும் வைக்கணும், பதிவ பதினெட்டு மாசம், முடியலன்னா குறைஞ்சது ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. "எங்க கடைல வெச்சுட்டோம், உங்க ஸ்டேஷன்ல எல்லாம் ஓடுதா சாஹேப்?"னு கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. பைக் கிடைச்சுதா இல்லையான்னும் கேளுங்க. நம்ம பதிவ வாங்கிட்டுப் போனவங்க அத வெச்சு என்ன செஞ்சாங்கன்னு திரும்பி வந்து சொல்லணும், அது இல்லாட்டி நம்ம வெறும் ஸ்பேர் பார்ட்ஸ்தான்.

வரதாபாய் இருந்த காலத்துல மாட்டுங்கா, கோலிவாடா பக்கம் நம்ம ஜனத்த ஒருத்தன் தொட முடியுமா? இப்ப கமிட்டி, மீட்டிங்னு பேசிப் பேசி என்ன கண்டோம்?
– ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, சயான் கோலிவாடா

அய்யா, உங்க வயசுல உள்ள பலபேர் இப்படித்தான் சொல்றாங்க, ஏன் சொல்றீங்கன்னும் எனக்குத் தெரியும். எழுபதுகள்ல ஊர்ல இருந்து வந்து இறங்கின நம்ம ஜனத்துக்கு மராத்தியும் தெரியாது ஹிந்தியும் தெரியாது, 1966ல சிவசேனா ஆரம்பிச்சதும் லுங்கி கட்டினவன விரட்டுன்னு ரோட்டுல கோஷம், ஸ்டேஷனுக்குப் போனா உள்ளயே விட மாட்டாங்க. அப்ப நீங்க சொல்ற வரதாபாய், தாதா வரதராஜ முதலியார், குறைய தமிழ்ல கேட்டாரு, அன்னைக்கே முடிவும் சொன்னாரு, ஜனம் போச்சு. ஆனா அவருக்குக் காசு எங்க இருந்து வந்துச்சு? கள்ளச்சாராயம். எத்தனை தாய்மார் அந்தச் சாராயத்துல புருஷன வாரிக் குடுத்தாங்க, அத நீங்களும் பாத்திருப்பீங்க. அந்தக் கூட்டத்து ஆளு மேலயே நமக்கு ஒரு புகார்னா யார்கிட்ட போறது? எண்பதுகள்ல ஒய்.சி. பவார்னு டிசிபி (துணைக் கமிஷனர்) வந்து நெருக்கினதும் எல்லாம் கலைஞ்சுது, 1988ல வரதாபாய் சென்னைல இறந்துட்டாரு. ஸ்டேஷன் காத மூடிக்கிட்டா தெருவுல இன்னொருத்தன் தர்பார் போட்டு உக்காருவான், அந்த ஆபத்து இன்னைக்கும் இருக்கு. கமிட்டி மீட்டிங்குக்கு நீங்க ஒரு தடவ போய் இத உங்க வாயாலயே சொல்லுங்க, இளசுங்களுக்கு அந்தக் கதை தெரியாது.

அக்கா, அந்தேரில கால் சென்டர்ல வேலை, ராத்திரி வீட்டுக்கு வர பதினொண்ணாகும். ஜிடிபி நகர் ஸ்டேஷன்ல இறங்கி நடக்குற வழில ஒரு துண்டு ரோடு கும்மிருட்டு, பசங்க நிக்கிறானுங்க. அம்மா வேலைய விடுன்னு சொல்றாங்க.
– 23 வயசு, சயான் கோலிவாடா

வேலைய விடாதம்மா. முதல்ல உன் கம்பெனிகிட்ட கேளு. மகாராஷ்டிராவுல 2017 கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி ராத்திரி ஒன்பதரைல இருந்து காலைல ஏழு மணி வரைக்கும் ஒரு பொண்ண வேலை வாங்கணும்னா அவ சம்மதம் வேணும், பாதுகாப்பு குடுக்கணும், ஆபீஸ்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் வண்டியும் குடுக்கணும். உன் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுதுன்னு பாரு, ஒன்பதரையத் தாண்டினா எச்ஆர்கிட்ட எழுத்துல கேளு, கூட வேலை பாக்குற பொண்ணுங்களையும் சேத்துக்கிட்டு கேளு. வியாபாரம் பண்றவங்க குற்றத்தத் தடுக்க போலீஸோட கைகோக்குறதுன்னா பாரிகேடுக்கு ஸ்பான்சர் பண்றது இல்ல, தன்கிட்ட வேலை செய்ற பொண்ணு பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தாளான்னு பாக்குறதுதான் அதுல முதல் வேலை.

அந்த இருட்டு ரோடு போலீஸ் கைல மட்டும் இல்ல, விளக்குக்கு எஃப் நார்த் வார்டு ஆபீஸ்ல புகார் குடுக்கணும். கம்பத்து நம்பர் எழுதிக்கோ, ராத்திரி எத்தனை மணிக்கு எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்துக்கோ, அதே பேப்பர் ஒரு காபி ஸ்டேஷன்லயும் குடு. 2021 செப்டம்பர்ல சாகிநாக்கால ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு அப்புறம்தான் மும்பைல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிர்பயா பதக்னு பெண்களுக்கான தனி ரோந்து அமைச்சாங்க, இருட்டான இடம் ஆள் இல்லாத இடம் எதுன்னு லிஸ்ட் எடுத்து அங்க சுத்தி வரணும்னு அதுக்கு வேலை. உன் ரோடு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு கேளு, இல்லன்னா சேக்கச் சொல்லு. ட்ரெயினுக்குள்ள ஏதாவது ஆனா ரயில்வே போலீஸ் நம்பர் 1512, வெளில 112. அந்த வழில ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் திறந்திருக்குற பான் கடை, மெடிக்கல் எதாவது இருந்தா அவங்ககிட்ட முகம் பழகி வெச்சுக்கோ, அவசரம்னா உடனே போய் நிக்க ஒரு இடம் வேணும். பசங்க நிக்கிறாங்கங்கறதுக்காக எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பத்துக்குப் பத்து வீட்டுல ஏழு பேர் படுக்குற இடத்துல பசங்க வெளில நிக்காம எங்க போவாங்க, ஆனா உன்னப் பாத்து ஒரு வார்த்தை தப்பா சொன்னா அதுவும் குற்றம்தான், சும்மா விடாத.

வாடகைக்கு விட்டிருக்கேன், ஊர்க்காரப் பையன் தான். போலீஸுக்குத் தெரியப்படுத்தியே ஆகணுமா?
– வீட்டுக்காரர், செம்பூர்

ஆகணும். மும்பை கமிஷனர் ஆபீஸ்ல இருந்து இதுக்கு அவ்வப்போது உத்தரவு வருது, மீறினா பிஎன்எஸ் 223ல கேஸ் வரும். மும்பை போலீஸ் வெப்சைட்லயே விவரம் ஏத்தலாம், ஸ்டேஷனுக்கு நேர்லயும் குடுக்கலாம். ஊர்க்காரன், சொந்தக்காரன்னு விட்டுடாதீங்க, நாளைக்கு அந்தப் பையனுக்கே ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்றதுன்னு தெரியணும்ல.

எங்க சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல சந்தேகமா சுத்துற ஆளுங்க போட்டோ போட ஆரம்பிச்சிருக்கோம். பழைய பேப்பர்காரர், போர்வை விக்கிறவங்க, பிச்சை எடுக்குறவங்கன்னு யார் வந்தாலும் வாட்ச்மேன் போட்டோ எடுத்துப் போடுவார். போலீஸுக்கு இது பெரிய உதவின்னு நினைக்கிறோம். மத்த சொசைட்டிக்கும் இத சொல்லுங்க.
– சொசைட்டி செக்ரெட்டரி, முலுண்டு

சார், கோவிச்சுக்காதீங்க, இத நான் மத்த சொசைட்டிக்குச் சொல்ல மாட்டேன், உங்களையும் நிறுத்தச் சொல்றேன். 2018 ஜூலை 1ந் தேதி நம்ம மகாராஷ்டிராவுலயே, துலே மாவட்டம் ராயின்பாடாவுல, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப்ல பரவின புரளிய நம்பி அஞ்சு பேர அடிச்சே கொன்னாங்க. அவங்க யாரு? ஊர் ஊரா போய்ப் பிழைக்கிற நாடோடி ஜனம். 2020 ஏப்ரல்ல பால்கர்ல ரெண்டு சாதுவையும் அவங்க கார் டிரைவரையும் அதே மாதிரி புரளிதான் கொன்னுச்சு, போலீஸ் பக்கத்துல இருக்கும்போதே. அடிச்சவங்க எல்லாரும் அந்த நிமிஷம் ஊரக் காப்பாத்துறோம்னுதான் நினைச்சிருப்பாங்க.

உங்க குரூப்ல போற போட்டோவுல உள்ள ஆளு என்ன செஞ்சாரு? பழைய பேப்பர் எடுக்க வந்தாரு. அவர் முகத்துக்குக் கீழ சந்தேகம்னு எழுதி இருநூறு வீட்டுக்கு அனுப்பினா, நாளைக்கு அடுத்த தெருவுல ஒரு திருட்டு நடந்தா முதல்ல அடி வாங்குறது அவர்தான். நம்ம அப்பாமாருங்கள இதே ஊர்ல இப்படித்தான் பாத்தாங்க சார், கறுப்பா இருக்கான், லுங்கி கட்டிருக்கான், பாஷை புரியலன்னு. அத நம்மளே இன்னொருத்தருக்குச் செய்யலாமா?

செய்ய வேண்டியது வேற நிறைய இருக்கு. உங்க வாட்ச்மேன் ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க, 2005 தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டப்படி லைசன்ஸ் வேணும், ஆளுங்களுக்கு பின்னணி சரிபார்ப்பும் பயிற்சியும் இருக்கணும். நிறைய சொசைட்டி குறைஞ்ச ரேட்டுக்கு எவனோ ஒரு கான்ட்ராக்டர வெச்சுட்டு, பன்னிரண்டு மணி நேரம் நிக்கிற அந்த மனுஷனுக்கு உக்கார ஒரு நாற்காலியும் ஒரு பாத்ரூமும் குடுக்காம, திருட்டு போனா அவரையே சந்தேகப்படுறாங்க. அவரு முழிச்சிருக்கணும்னா அவரு உடம்பு தாங்கணும். உள்ள வர்றவங்க பேரு, போற வீடு, நேரம் நோட்டுல எழுதுங்க, போதும். நிஜமாவே ஒருத்தர் பூட்டு உடைக்கிறத, ஒரு குழந்தைய இழுக்குறதப் பாத்தா, குரூப்ல போடாம 112க்கு போன் பண்ணுங்க. ஆள் எப்படி இருந்தாருங்கறத விட என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க, போலீஸுக்கும் அதுதான் வேணும்.

சிபிஐன்னு சொல்லி வீடியோ கால்ல ஒருத்தன் வந்தான், என் பேர்ல பார்சல்ல போதை மருந்து இருக்காம், டிஜிட்டல் அரெஸ்ட்டாம், போன கட் பண்ணக்கூடாதாம். என் மருமக வந்து பிடுங்கி வெச்சா. இன்னும் பயமா இருக்கு.
– 71 வயசு அம்மா, செம்பூர்

அம்மா, பயப்படாதீங்க, டிஜிட்டல் அரெஸ்ட்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. எந்த போலீஸும் வீடியோ கால்ல கைது பண்ணாது, எந்த அதிகாரியும் விசாரணைக்குக் காசு அனுப்பச் சொல்ல மாட்டாரு. உங்க மருமகளுக்கு என் அன்பச் சொல்லுங்க, அந்த நம்பர சைபர் கிரைம் போர்ட்டல்ல ஏத்தச் சொல்லுங்க. மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், காசு போயிருந்தா அழுதுட்டு உக்காராம அந்த நிமிஷமே 1930. போலீஸும் பேங்குங்களும் வாலட் கம்பெனிகளும் ஒண்ணா சேந்து 2021ல இருந்து நடத்துற ஏற்பாடு அது, புகார் போனதும் காசு எந்த அக்கவுண்டுக்குப் போச்சோ அங்க நிறுத்தப் பாப்பாங்க, அந்தக் காசு அடுத்த அக்கவுண்டுக்குத் தாவறதுக்குள்ள. முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். மானம் போயிடும், பிள்ளைங்க திட்டுவாங்கன்னு பெரியவங்க ரெண்டு நாள் மறைச்சு வெச்சிடுறாங்க, அதுக்குள்ள காசு எங்கயோ போயிடுது. பிள்ளைங்களே, தயவுசெஞ்சு திட்டாதீங்க. தனியா இருக்குற பெரியவங்க பேர லோக்கல் ஸ்டேஷன்ல மூத்த குடிமக்கள் லிஸ்ட்ல பதிஞ்சு வெச்சுக்கலாம், பீட் போலீஸ் (உங்க ஏரியாவச் சுத்தி வர்றவர்) வந்து பாத்துட்டுப் போகணும்னு ஏற்பாடு. வரலன்னா போன் போட்டுக் கேளுங்க, அது உங்க உரிமை.

இட்லி வண்டி வெச்சிருக்கோம். வாரா வாரம் போலீஸுக்கு ஹப்தா (மாமூல்), அது போக டிபன் ஓசி. இவங்ககிட்ட போய் எந்த மீட்டிங்ல என்னன்னு பேசுறது?
– பேர், ஊர் எழுதல

மீட்டிங்க பத்தி இதுவரைக்கும் நல்லதாத்தான் எழுதிட்டு வர்றேன், ஆனா இந்தக் கடிதாசிக்கு முன்னாடி அதெல்லாம் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். காலைல நாலு மணிக்கு மாவு கரைக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து வாரா வாரம் பிடுங்கிட்டு, உங்களுக்குப் பாதுகாப்பு குடுக்குறோம்னு சொன்னா அந்த ஏரியால ஒருத்தரும் நிஜம் பேச மாட்டாங்க. லஞ்ச ஒழிப்பு நம்பர் 1064, மகாராஷ்டிரா முழுக்க. தனியா போன் பண்ண பயமா இருக்கும், ஏன்னா உங்க வண்டிக்கு லைசன்ஸ் இல்லன்னு சொல்லி மறுநாளே தூக்கிடுவாங்க. அதனால 2014 தெரு வியாபாரிகள் சட்டத்துல உங்களுக்கு என்ன உரிமைன்னு தெரிஞ்ச ஒரு யூனியன்ல முதல்ல சேருங்க, அப்புறம் சேந்து போங்க. நல்லா நடத்துற ஓட்டல்காரங்க, நகைக்கடைக்காரங்களுக்கும் சொல்றேன், ஸ்டேஷனுக்கு ஏசி வாங்கிக் குடுத்தேன், பாரிகேடு குடுத்தேன்னு பெருமையா சொல்லாதீங்க. நாளைக்கு உங்க கடைல ஒரு பையன் மேல திருட்டுப் பட்டம் கட்டினா அந்த ஏசி கீழ உக்காந்திருக்குறவரு நடுநிலையா இருப்பாரா? குடுக்கணும்னா வியாபாரிகள் சங்கம் மூலமா, எல்லாருக்கும் தெரியுற மாதிரி கணக்கோட குடுங்க.

அக்கா, எங்க சால்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) பசங்க சேந்து போலீஸோட ஒரு கமிட்டி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். அப்பா வேண்டாம்னு சொல்றாரு, ஊர்ல ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் கதை என்னாச்சு தெரியும்லன்னு கேக்குறாரு. என்ன பண்ணலாம்?
– கல்லூரி மாணவர், தாராவி

ஆரம்பிங்க தம்பி. ஆனா அப்பா சொல்றத காதுல போட்டுக்கிட்டு ஆரம்பிங்க. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993ல ராமநாதபுரத்துல எஸ்பியா இருந்த பிரதீப் வி. பிலிப் கொண்டு வந்தது, சாதாரண ஆளுங்களே ஜனத்துக்கும் போலீஸுக்கும் நடுவுல பாலமா இருக்கணும்கிற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனா வருஷம் போகப் போக பல இடத்துல அது லத்தி பிடிச்ச வாலண்டியரா, வண்டிய நிறுத்துற ஆளா ஆயிடுச்சு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல அடி வாங்கி செத்தாங்கல்ல, அப்ப வாலண்டியர்கள் மேலயும் புகார் வந்து, ஜூலைல தமிழ்நாடு அரசு அதையே தடை பண்ணிடுச்சு. பொதுஜனத்துக்கு போலீஸ் அதிகாரத்துல ஒரு துண்டு வெட்டிக் குடுத்தா இப்படித்தான் முடியும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அதிகாரமா அது மாறிடும்.

இங்க மும்பைப் பக்கம் வேற மாதிரியும் நடந்திருக்கு. பிவண்டிய எடுத்துக்கோங்க, 1970லயும் 1984லயும் இந்து-முஸ்லிம் கலவரத்துல எரிஞ்ச ஊர். 1988ல டிசிபியா வந்த சுரேஷ் கோப்டே ஏரியா ஏரியாவா 70 மொஹல்லா (பேட்டை) கமிட்டி போட்டாரு, ரெண்டு சமூகத்து ஆளுங்களும் போலீஸும் ஒரே பாய்ல உக்காந்து பேசுற மாதிரி. 1992 டிசம்பர்லயும் 93 ஜனவரிலயும் பம்பாய் பத்தி எரிஞ்சு சுமார் 900 பேர் செத்தப்ப பிவண்டி அமைதியா இருந்துச்சு. அதப் பாத்துத்தான் 1994ல இங்க கமிஷனர் சதீஷ் சாஹ்னே, முன்னாள் போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபேரோ, சமூக சேவகி சுஷோபா பர்வே இவங்கெல்லாம் மும்பைல மொஹல்லா கமிட்டி ஆரம்பிச்சாங்க. அந்தக் கலவரத்துல போலீஸே பக்கச் சார்பா நடந்துச்சுன்னு அத விசாரிச்ச ஸ்ரீகிருஷ்ணா கமிஷனே எழுதியிருக்கு, அப்ப ஜனம் எப்படி ஸ்டேஷன் வாசல் மிதிக்கும்? தாராவில வகார் கானும் பாவு கோர்டேவும் கல்லி கல்லியா நடந்து ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் உக்கார வெச்சுப் பேச வெச்சாங்க, அந்தப் பேச்சுல பாதி நேரம் மதமே வராது, சாக்கடை, தண்ணி, பசங்க கிரிக்கெட் இதுதான் வரும். வதந்தி கிளம்பின ராத்திரில போன் எடுத்துக் கேக்குற அளவுக்கு முகம் பழகினது அப்படித்தான்.

அதுக்கப்புறம் வந்தது ஸ்லம் போலீஸ் பஞ்சாயத்து, இது உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்காது. கோலார் தங்க வயல்ல பிறந்து மும்பை குடிசைல வாழ்ந்த நம்ம ஜோக்கின் அற்புதம், மகசேசே விருது வாங்கினவரு, 2018ல காலமானாரு. அவரோட குடிசைவாசிகள் அமைப்பும், மஹிளா மிலன்ங்கற பெண்கள் அமைப்புப் பொம்பளைங்களும், ஏ.என். ராய்ங்கற போலீஸ் கமிஷனரும் சேந்து முதல்ல புனேல ஆரம்பிச்சு, ராய் 2004ல மும்பைக்கு வந்ததும் இங்க கொண்டு வந்தாங்க. ஒரு பஸ்திக்கு (குடிசைப் பகுதிக்கு) பத்து பேர், அதுல ஏழு பேர் பொம்பளைங்க, மூணு பேர் ஆம்பளைங்க, கூட ஒரு போலீஸ்காரர். எங்க பஸ்தில உக்காந்தப்ப நானும் இருந்திருக்கேன். பக்கத்து வீட்டுச் சண்டை, குடிச்சுட்டு வந்து கத்துறது, கடன் தகராறு, இதுக்கெல்லாம் ஸ்டேஷன் வரைக்கும் போய் ரெண்டு பக்கமும் காசு செலவழிச்சு விரோதம் வளத்துக்காம, இங்கயே காசு வாங்காம பேசி முடிப்பாங்க. ஏழு பொம்பளைங்க இருந்ததால வீட்டுக்குள்ள அடி வாங்குறவ வாயத் திறந்தா. அந்த எண்ணிக்கை சும்மா வெச்சது இல்ல தம்பி, பசங்க சேந்து கமிட்டின்னு எழுதியிருக்கீங்களே, அத முதல்ல மாத்துங்க.

கண்டிப்பா எல்லை ஒண்ணு வேணும். குழந்தை மேல பாலியல் குற்றம்னா எந்தப் பஞ்சாயத்தும் பேசி முடிக்கக் கூடாது. போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி தெரிஞ்ச உடனே போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், மறைச்சா மறைச்சவங்களுக்கும் தண்டனை. பலாத்காரம், வரதட்சணைக் கொலை, கத்திக்குத்து இதையும் பஞ்சாயத்துல பேசி முடிக்கக் கூடாது. குடும்ப மானம், ஜாதி மானம்னு யாராவது பெரியவர் வந்து பேசினா எழுந்து போயிடுங்க.

மத்தபடி, கான்ட்ராக்டரும் கட்சி ஆளும் தலைவரா வரவேண்டாம். யாரும் யாரையும் நிறுத்தி ஐடி கேக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், தொப்பியும் விசிலும் வேண்டாம். மாசத்துல ஒரு நாள்னு முடிவு பண்ணி அந்த நாள்ல மட்டும் கூடுங்க, உங்க பீட் ஹவல்தார் பேரும் நம்பரும் சால் வாசல்ல எழுதிப் போடுங்க. அப்புறம் ஒரு நோட்டு. போன மாசம் ஜனம் என்ன சொல்லுச்சு, அதுக்கு போலீஸ் என்ன செஞ்சுது, செய்யலன்னா ஏன், இத ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல்ல படிக்கணும், வந்த அதிகாரி கையெழுத்துப் போடணும். அதிகாரி மாறிட்டே இருப்பாரு, நோட்டு இருக்கும். கேரளாவுல 2008ல ஆரம்பிச்ச ஜனமைத்ரிங்கற போலீஸ் திட்டத்துல பீட் போலீஸ் தன் எல்லைல உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்ப் பழகணும்னு வெச்சாங்க, அத உங்க ஏரியால கேட்டுப் பாருங்க. கூட்டம் நடந்தா என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, போடுறேன்.

எனக்கு மராத்தி எழுதப் படிக்கத் தெரியாது, ஹிந்தியும் அரைகுறை. செயின் போச்சு, புகார் குடுக்கப் போகவே கூச்சமா இருக்கு. நகை போனது சயான்ல, வீடு முலுண்டுல, எந்த ஸ்டேஷன்?
– வீட்டுவேலை செய்யும் அம்மா, முலுண்டு

எந்த ஸ்டேஷன்ல வேணாலும் குடுக்கலாம்மா, ஜீரோ எஃப்ஐஆர்னு பேரு, அவங்க எழுதிக்கிட்டு சரியான ஸ்டேஷனுக்கு அனுப்பணும், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. வாயால சொன்னாலே அவங்க எழுதிக்கணும், எழுதினத உங்களுக்குப் படிச்சுக் காட்டணும், அதுக்கப்புறம்தான் கையெழுத்து. பிஎன்எஸ்எஸ் 173வது பிரிவுல இது இருக்கு, எஃப்ஐஆர் காபி ஓசில குடுக்கணும்னும் அதுலதான் இருக்கு. தமிழும் மராத்தியும் தெரிஞ்ச ஒரு பிள்ளைய கூட்டிட்டுப் போங்க, நம்ம சங்கத்துலயோ கோயில்லயோ கேட்டா யாராவது வருவாங்க. எந்த இடம், எத்தனை மணி, செயின் எத்தனை பவுன், பைக்ல எத்தனை பேர், எந்தப் பக்கம் போனாங்கன்னு முதல்ல தமிழ்லயே ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. தொண்ணூறு நாளைக்குள்ள விசாரணை எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அவங்களே உங்களுக்குச் சொல்லணும், 193வது பிரிவு. எஃப்ஐஆர் போட மாட்டேன்னு சொன்னா டிசிபிக்கு தபால்ல எழுதி அனுப்பலாம். அந்தத் தபால தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புங்க, மராத்தில மாத்தித் தர்றதுக்கு இங்க ஆள் இருக்காங்க.